440.9 கிலோ: ஈரான் அணு விவகாரத்தில் கணக்கு தொலைந்த கதை

2003 ஆகஸ்டில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் தெஹ்ரானில் ஒரு பட்டறைக்குள் போனார்கள். அதன் பெயர் கலாயே எலெக்ட்ரிக். கடிகாரம் செய்கிற இடம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிப்ரவரியிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் ஒரு பகுதியை மட்டும் காட்டினார்கள். மே மாதத்தில், பார்க்கலாம், ஆனால் மாதிரி எடுக்கக் கூடாது என்றார்கள். ஒருவழியாக ஆகஸ்டில் அனுமதி கிடைத்தபோது கட்டடத்துக்குள் பெரிய மராமத்து வேலை நடந்து முடிந்திருந்தது.

ஆய்வாளர்கள் கையில் இருந்தவை பருத்தித் துணித் துண்டுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கூடவே கையுறைகளும் பிளாஸ்டிக் பைகளும். சுவரையும் தரையையும் துடைத்தார்கள், துணியைப் பையில் போட்டு மூடினார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முகமையின் ஆய்வகம் வியன்னாவுக்குப் பக்கத்தில் சைபர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றை வைத்தே அந்த யுரேனியம் எவ்வளவு செறிவூட்டப்பட்டது என்று சொல்லிவிட முடியும். செப்டம்பரில் முடிவு வந்தது. அந்தத் தூசியில் உயர் செறிவு யுரேனியம் இருந்தது.

ஈரான் விவகாரத்தைப் படிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. "ஈரானிடம் குண்டு இருக்கிறதா, இல்லையா" என்றே இருபது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முகமை கேட்டது வேறு: என்னென்ன, எவ்வளவு, எங்கே வைத்திருக்கிறாய், கணக்கு காட்டு. அந்தக் கணக்கு எப்படி ஒருமுறை ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது, எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் இந்த ஆய்வு.

முறத்தில் புடைப்பது

முதலில் செறிவூட்டல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இது புரியாவிட்டால் 3.67, 20, 60 என்று செய்தியில் வரும் எண்கள் எல்லாம் வெறும் சத்தம்.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 1,000 அணுவுக்கு 7 மட்டுமே நமக்கு வேண்டிய யுரேனியம்-235. மீதி 993 கனமான யுரேனியம்-238. முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல அந்தக் கனமானதை வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும். முறத்தின் வேலையைச் செய்வது சென்ட்ரிஃபியூஜ். யுரேனியத்தை வாயுவாக்கி, உயரமான உருளைக்குள் விட்டு, படுவேகத்தில் சுழற்றுவார்கள். ஒரு உருளை கொஞ்சம்தான் பிரிக்கும். அதனால் நூற்றுக்கணக்கில் வரிசையாக இணைப்பார்கள்.

வேண்டியது எதுவும் சிந்தாமல் புடைக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். 1,000 அணுவில் 825-ஐத் தள்ளி 175 ஆக்கினால் அது 4 சதவீதம். மின் நிலையத்துக்கு ஏறக்குறைய இது போதும். இன்னும் 140-ஐத் தள்ளி 35 ஆக்கினால் 20 சதவீதம். அப்புறம் 23-ஐத் தள்ளினால் மிஞ்சுவது 12, அதாவது 60 சதவீதத்துக்குப் பக்கம். அதிலிருந்து நாலைத் தள்ளினால் குண்டுக்கான 90 சதவீதத்தை நெருங்கிவிடலாம்.

825, 140, 23, 4. வேலையில் பெரும்பங்கு அடிப்படியிலேயே முடிந்துவிடுகிறது. "மின்சாரத்துக்குத்தான் செறிவூட்டுகிறோம்" என்று ஒரு நாடு சொல்லும்போது மற்றவர்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதற்கு இந்த நாலு எண்கள் போதும். இரண்டு வேலைக்கும் இயந்திரம் ஒன்றே. வித்தியாசம் எங்கே நிறுத்துகிறாய் என்பதில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும்.

புஷெர் அணுமின் நிலையத்தை இந்தச் சண்டையில் இழுக்க வேண்டாம். கூடங்குளத்தில் இருப்பதைப் போன்ற ரஷ்ய விவிஇஆர்-1000 உலை அது. எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது, எரிந்த பிறகு அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. தகராறு செறிவூட்டும் இடங்களான நத்தான்ஸ், ஃபோர்தோ, யுரேனியத்தை வாயுவாக்கும் இஸ்ஃபஹான், கனநீர் உலை கட்டிய அராக் ஆகிய நாலு பெயர்களைச் சுற்றித்தான்.

துபாயில் இரண்டு பெட்டிப் பணம்

ஈரானுக்கு அணுவை அறிமுகப்படுத்தியது அமெரிக்காதான். 1957-ல் மன்னர் ஷாவின் அரசோடு ஒப்பந்தம். 1967-ல் தெஹ்ரானில் 5 மெகாவாட் ஆராய்ச்சி உலை, அதுவும் அமெரிக்கா கொடுத்தது. 1970-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஈரான் உறுதிசெய்தது. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டவனைத்தான் கணக்குக் கேட்கிறார்கள், போடாதவனைக் கேட்பதில்லை என்பது தெஹ்ரானின் பழைய புலம்பல். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

1979 புரட்சி, எட்டு வருட ஈராக் போர். அந்தப் போரின் நடுவில், 1980-களின் மத்தியில், ரகசியமாக சென்ட்ரிஃபியூஜ் வேலை தொடங்கியது. சரக்கு வந்த வழி பாகிஸ்தான் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானுடைய கள்ளச் சந்தை. மலேசியப் போலீஸ் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு காட்சி உண்டு. துபாயில் தொழில் செய்த கானின் கூட்டாளி, இலங்கைக்காரர் பி.எஸ்.ஏ. தாஹிர் சொன்னதாக அது பதிவு செய்கிறது: 1994-95 வாக்கில், பயன்படுத்திய சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள் இரண்டு கன்டெய்னரில் துபாயிலிருந்து ஈரானியக் கப்பலில் போயின. விலை சுமார் 30 லட்சம் டாலர். பணம் திர்ஹமாக இரண்டு பெட்டிகளில் வந்தது. கான் துபாய்க்கு வந்தால் தங்கும் அடுக்குமாடி வீட்டில் அந்தப் பெட்டிகளை வைத்திருந்தார்கள்.

கலாயே தூசியின் விடையும் இங்கேதான் இருந்தது. "அந்த யுரேனியம் எங்களுடையதல்ல, வாங்கிய பாகங்களில் ஒட்டி வந்தது" என்றது ஈரான். யாரும் நம்பவில்லை. ஆனால் 2005-ல் பாகிஸ்தான் கொடுத்த பாகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெரும்பாலும் ஈரான் சொன்னது சரி என்று தெரிந்தது. பொய்யில் தொடங்கி உண்மையில் முடிந்த விளக்கம். இந்த விவகாரம் முழுக்க இப்படித்தான். ஈரான் சொல்வது எல்லாமே பொய் என்று வைத்துக்கொண்டாலும் தப்பாகப் போகும், எல்லாமே நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் தப்பாகப் போகும்.

2002 ஆகஸ்ட் 14-ல் நாடுகடந்த எதிர்க்கட்சி அமைப்பு ஒன்று வாஷிங்டனில் நத்தான்ஸ், அராக் பெயர்களைப் போட்டு உடைத்தது. ஈரான் அப்போது சொன்ன பதில் சட்டப்படி சாமர்த்தியமானது: பழைய விதியின்படி, அணுப்பொருளை உள்ளே கொண்டுபோவதற்கு 180 நாள் முன்னால் சொன்னால் போதும். கட்டடம் கட்டும்போதே சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்துக்கு இந்த வாதம் நின்றது. ஆனால் 1991-ல் சீனாவிலிருந்து வாங்கிய 1.8 டன் யுரேனியத்தையும் அறிவிக்கவில்லை. அதற்கு எந்த 180 நாள் சாக்கும் இல்லை.

நடுவில் ஒரு பத்து வருடம்

2003 முதல் 2013 வரை நடந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி பேசின. ஈரான் செறிவூட்டலை நிறுத்தியது, 2005-06-ல் திரும்பத் தொடங்கியது. விவகாரம் பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனது. 2006 டிசம்பர் தொடங்கி 2010 வரை தடைத் தீர்மானங்கள் வரிசையாக வந்தன. 2009 செப்டம்பரில் கோம் நகரத்துக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து கட்டிய ஃபோர்தோவை ஒபாமா, பிரவுன், சர்கோசி மூவரும் சேர்ந்து அம்பலப்படுத்தினார்கள். ஈரான் திரும்பவும் அதே 180 நாள் விதியைத்தான் காட்டியது. ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு நத்தான்ஸில் சுமார் ஆயிரம் சென்ட்ரிஃபியூஜ்களைக் கெடுத்ததாக மதிப்பிட்டார்கள். விஞ்ஞானிகள் தெருவில் கொல்லப்பட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் இயந்திரங்களின் எண்ணிக்கை 2003-ல் 164 இருந்த ஒரே வரிசையிலிருந்து பத்து வருடத்தில் 19,000 பக்கம் ஏறியது.

2007-ல் அமெரிக்க உளவுத்துறை, ஆயுதத் திட்டத்தை ஈரான் 2003 இலையுதிர் காலத்தில் நிறுத்திவிட்டது என்று மதிப்பிட்டது. 2015 டிசம்பரில் முகமையும் கிட்டத்தட்ட அதையே எழுதியது: 2003-க்கு முன் ஒருங்கிணைந்த வேலைகள் இருந்தன, 2009-க்குப் பிறகு நம்பத்தகுந்த அறிகுறி இல்லை.

நம் பக்கத்துக்கும் இதன் சூடு வந்தது. 2005 செப்டம்பரில் முகமையின் வாக்கெடுப்பில் இந்தியா ஈரானுக்கு எதிராகக் கை தூக்கியது. இரண்டு மாதம் முன்புதான் மன்மோகன் சிங் வாஷிங்டனில் அமெரிக்காவோடு அணு உடன்பாட்டுக்கான கூட்டறிக்கையை வெளியிட்டிருந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டெல்லி சொன்னதை நம்பியவர்கள் குறைவு. இன்னொரு பக்கம், மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில் ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனத்தின் துணை அமைப்பான நஃப்திரான் 15.4 சதவீதப் பங்குதாரர். 1960-களில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கிய நாளிலிருந்து வரும் உறவு. கொழும்புக்கு வெளியே சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமோ ஈரானின் கச்சா எண்ணெய்க்கென்றே வடிவமைத்தது. தடை வந்தபோது அங்கே வேறு எண்ணெய் தேடி அலைய வேண்டியிருந்தது. கடைசியில் பழைய எண்ணெய் பாக்கி 25 கோடி டாலரைத் தேயிலையாகக் கொடுத்துக் கழிப்பது என்று 2021-ல் இலங்கை ஒப்புக்கொண்டது. அணு விவகாரத்தின் பில் தேயிலைத் தோட்டம்வரை வந்துவிட்டது.

கணக்கு சரியாக இருந்த காலம்

2015 ஜூலை 14-ல் வியன்னாவில் ஒப்பந்தம் ஆனது. ஈரான் ஒரு பக்கம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம் மறுபக்கம். செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 19,000 இயந்திரங்களில் 6,104 மட்டும் நிற்கலாம், அதிலும் 5,060 மட்டும் செறிவூட்டலாம். ஃபோர்தோவில் 15 வருடம் யுரேனியமே கூடாது. பதிலுக்குத் தடைகள் விலகும்.

காகிதத்தோடு நிற்கவில்லை. 2015 டிசம்பர் 28-ல் மிகைல் தூதின் என்ற கப்பல் 11 டன் செறிவூட்டிய பொருளை ஏற்றிக்கொண்டு ரஷ்யாவுக்குக் கிளம்பியது. அராக் உலையின் மையப் பாத்திரத்தை வெளியே எடுத்து, துளைகளில் கான்கிரீட் ஊற்றினார்கள். முகமையின் முத்திரைகள் குழாய்களிலும் பெட்டிகளிலும் ஏறின. அந்த முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை: பல பத்தாண்டுகளாகப் பயன்பட்ட வகை, நாணயம் அளவுள்ள ஒரு உலோக மூடி. உள்பக்கத்தில் கீறல்கள் இருக்கும். போடும் முன் அந்தக் கீறல்களைப் படம் எடுத்து வைப்பார்கள். கழற்றி வியன்னாவுக்குக் கொண்டுவந்ததும் ஒப்பிடுவார்கள். யாராவது திறந்து வேறொன்றை மாட்டியிருந்தால் கீறல் பொருந்தாது. இத்தனை பெரிய சர்வதேசச் சண்டை ஒரு மூடிக்குள் இருக்கும் கீறலை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

ஈரான் முழு மனசோடு செய்ததா? அதுவும் இல்லை. அணுசக்தி அமைப்பின் தலைவராக இருந்த அலி அக்பர் சாலேஹி 2019-ல் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: கான்கிரீட் ஊற்றிய அராக் குழாய்களுக்கு ஈடாக அதே மாதிரி குழாய்களை முன்னமே ரகசியமாக வாங்கி வைத்திருந்தோம். ஒரு கையால் கொடுத்து மறுகையால் மறைத்து வைத்த புத்தி அது. ஆனாலும் யுரேனியக் கணக்கு இடிக்கவில்லை. முகமை அறிக்கைக்கு மேல் அறிக்கையாக, உறுதிமொழிகள் நிறைவேறுகின்றன என்றே எழுதியது.

ஒப்பந்தத்தின் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. முக்கியமான கட்டுப்பாடுகளுக்கெல்லாம் காலாவதித் தேதி இருந்தது: 8 வருடம், 10 வருடம், 15 வருடம். எதிர்த்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டியது சரி. ஆனால் 2030-ல் தீரப்போகிற கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 2018-லேயே அதை உடைப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஒவ்வொரு கயிறாக

2018 மே 8-ல் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். அதற்குச் சில நாள் முன், தெஹ்ரானின் ஷோராபாத் கிடங்கிலிருந்து இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட் அள்ளிக்கொண்டு வந்த பழைய ஆவணங்களை நெதன்யாகு மேடையில் காட்டியிருந்தார். அந்தக் காகிதங்களின் கதைகள் பெரும்பாலும் 2003-க்கு முந்தியவை. ஆனால் அவற்றால் புதிய கேள்விகள் முளைத்தன. துர்குஸாபாத் என்ற இடத்தில் 2019 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் மனிதர் கைபட்ட யுரேனியத் துகள்கள் கிடைத்தன. கம்பளம் சலவை செய்யும் இடம் என்றது ஈரான். கடிகாரத்துக்குப் பதில் இப்போது கம்பளம். திரும்பவும் தூசி, திரும்பவும் பொருந்தாத விளக்கம்.

அமெரிக்கா போன பிறகும் ஒரு வருடம் ஈரான் ஒப்பந்தத்துக்குள்ளேயே நின்றது. எண்ணெய் விற்பனை விழுந்தது. 2019 மே மாதத்தோடு இந்தியாவும் வாங்குவதை நிறுத்திவிட்டது. அதே மாதம் ஈரான் படிப்படியாக மீறத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 20 சதவீதம். ஏப்ரலில் நத்தான்ஸில் நாசவேலை நடந்தது, சில நாளில் 60 சதவீதம். மின்சாரத்துக்கு 60 சதவீதம் தேவையில்லை. அது பேரம் பேச எடுத்த கத்தி. ஆனால் கத்தியைக் காட்டிக்காட்டியே கூர் ஏறிவிட்டது.

எண்களைவிட ஆபத்தான மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 2021 பிப்ரவரியில் கூடுதல் சோதனைகளை ஈரான் நிறுத்தியது. கேமராக்கள் ஓடும், ஆனால் பதிவுகளைத் தரமாட்டோம். தடை நீங்கினால் தருகிறோம், இல்லாவிட்டால் அழித்துவிடுவோம் என்றது. 2022 ஜூனில் 27 கேமராக்களையே கழற்றியது. அன்றிலிருந்து சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள் எங்கே எத்தனை தயாராகின்றன என்பது முகமைக்குத் தெரியாது. யுரேனியத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள், இயந்திரத்தை எண்ண முடியவில்லை. முறம் எத்தனை என்று தெரியாமல் அரிசியை மட்டும் எண்ணுவது அது.

2023 ஜனவரியில் ஃபோர்தோவில் ஒரு மாதிரியில் 83.7 சதவீதத் துகள்கள். தற்செயலான ஏற்ற இறக்கம் என்றது ஈரான். இருக்கலாம். பக்கத்திலேயே ஆள் இருந்த காலமாக இருந்தால் அந்தப் பதிலை ஒரு வாரத்தில் சரிபார்த்திருக்கலாம்.

பன்னிரண்டு நாள்

2025 மார்ச்சில், ஈரான் ஆயுதம் செய்யவில்லை என்பதே தங்கள் மதிப்பீடு என்று அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் துளசி கப்பார்ட் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஜூன் 12-ல் முகமையின் ஆளுநர் குழு, ஈரான் கடமையை மீறிவிட்டது என்று 19 ஓட்டில் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு 3, நடுநிலை 11. இருபது வருடத்துக்குப் பக்கமாக இப்படி ஒரு தீர்மானம் வந்ததில்லை. மறுநாள் விடியும் முன் இஸ்ரேல் தாக்கியது. ஜூன் 22-ல் அமெரிக்காவின் ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் 14 குண்டுகளைப் போட்டன, ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல். அதில் 12 ஃபோர்தோவின் மேல். இஸ்ஃபஹானை நீர்மூழ்கியிலிருந்து ஏவுகணைகள் அடித்தன. ஜூன் 24-ல் சண்டை நின்றது. ஈரான் அரசின் கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். இஸ்ரேலிலும் ஏவுகணைகள் விழுந்து உயிர்கள் போயின.

அடிக்கு முன்பு ஒரு செயற்கைக்கோள் படம் உண்டு. ஜூன் 19-ல் ஃபோர்தோவின் சுரங்க வாசலுக்குப் போகும் சாலையில் 16 லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மண் அள்ள வந்தவையா, எதையாவது எடுத்துப்போக வந்தவையா என்று படம் சொல்லவில்லை. 60 சதவீத யுரேனியத்தை வைத்திருந்தவை ஆள் தூக்கக்கூடிய அளவு சின்ன சிலிண்டர்கள். நீச்சல் வீரர்கள் முதுகில் கட்டுவார்களே, அந்த அளவு. மலையைப் பிளக்க 13 டன் குண்டு வேண்டியிருந்தது. அந்தச் சிலிண்டர்களை நகர்த்தச் சில வண்டிகள் போதும்.

ஜூலை 2-ல் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டத்தை ஈரான் அமலுக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 28-ல் ஐரோப்பாவின் மூன்று நாடுகள், பழைய தடைகளைத் தானாகத் திரும்பக் கொண்டுவரும் பிரிவை இழுத்தன. செப்டம்பர் 28-ல் தடைகள் திரும்பின. 2015-ல் டாலருக்கு 32,000 பக்கம் இருந்த ரியால் பத்து லட்சத்தையும் தாண்டிச் சரிந்தது. ரஷ்யாவும் சீனாவும் இதை ஏற்கவில்லை. நடுவில் கெய்ரோவில் முகமையின் தலைவர் கிராஸியும் ஈரான் வெளியுறவு அமைச்சர் அராக்சியும் ஒரு ஏற்பாட்டில் கையெழுத்திட்டார்கள், தடை திரும்பியதும் அதுவும் செல்லாது என்றது தெஹ்ரான்.

இந்த ஆய்வு 2025 நவம்பரோடு நிற்கிறது. அந்த மாதம் வந்த முகமை அறிக்கையில், அடிபட்ட இடங்களில் இருந்த யுரேனியத்தை ஐந்து மாதமாகச் சரிபார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அறிக்கைகளில் திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறது: 60 சதவீதம் செறிவூட்டியது 440.9 கிலோ. மேற்கொண்டு செறிவூட்டினால் முகமையின் அளவுகோலில் பத்துக் குண்டுகளுக்குப் போதும். தசமப் புள்ளிவரைக்கும் துல்லியமாகத் தெரியும் அந்த எண்ணை யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. ஜூன் 12 வரை பார்த்ததையும், ஈரான் முன்பு சொன்னதையும், இயந்திரங்கள் வழக்கமாக ஓடும் வேகத்தையும் வைத்து, ஜூன் 13 காலையில் இவ்வளவு இருந்திருக்கும் என்று வியன்னாவில் போட்ட மதிப்பீடு அது.